வெட்டு வேகமும் வெப்பக் கணக்கும்

துல்லியம் வேண்டுமானால், உலோகத்தைச் சுழற்றிக் கடையும் லேத்தை மெதுவாக ஓட்ட வேண்டும் என்பது கடைசல் பட்டறைகளில் புதிதாகச் சேருபவருக்குச் சொல்லப்படும் அறிவுரை. அதில் பாதிதான் உண்மை. உலோகத்தை வெட்டுவதற்குச் செலவாகும் ஆற்றல் ஏறத்தாழ முழுவதும் வெப்பமாக மாறிவிடுகிறது. அந்த வெப்பம் சீவலோடு வெளியேறுகிறதா, வெட்டும் கருவியான டூலில் ஏறுகிறதா, கடையப்படும் பொருளான ஜாபிலேயே தங்கிவிடுகிறதா என்பதைப் பொறுத்தே ஒரு பட்டறையின் உற்பத்தியும் துல்லியமும் அமைகின்றன.

டூலின் முனை உலோகத்தை அழுத்தும்போது, அதன் முன்னால் உள்ள மெல்லிய அடுக்கு நசுங்கிச் சரிந்து சீவலாக எழும்புகிறது. வெப்பத்தின் பெரும்பகுதி பிறப்பது அந்தச் சரிவிலும், சீவல் டூலின் முகத்தில் உராய்ந்து செல்லும் இடத்திலும்தான். வேகம் கூடும்போது, வெப்பம் ஜாபுக்குள் பரவுவதற்கு முன்பே சீவல் அதை எடுத்துக்கொண்டு விலகிவிடுவதால், ஜாபுக்குச் செல்லும் பங்கு குறைகிறது. மாறாக, மென்னிரும்பைக் குறைந்த வேகத்தில் கடையும்போது உலோகத் துணுக்குகள் டூல் முனையில் ஒட்டி வளர்ந்து, பிறகு பிய்ந்துபோகின்றன. அதனால் பரப்பு சொரசொரப்பாகிறது, விட்டமும் நிலையாக நிற்பதில்லை. நிதானம் துல்லியத்தைத் தரும் என்ற நம்பிக்கை தோற்கும் இடம் இது.

அப்படியானால் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகலாமா என்றால், டூல் அதற்கு இடம் தருவதில்லை. அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் தலைவராக இருந்த பிரெடரிக் டெய்லர், ஏறத்தாழ 26 ஆண்டுகள் நடத்திய வெட்டுச் சோதனைகளின் முடிவுகளை 1906-இல் அந்தச் சங்கத்தின் முன் வைத்தார். வேகத்துக்கும் டூலின் ஆயுளுக்கும் இடையே அவர் கண்ட உறவு இன்றும் பயன்படுகிறது. டூலின் நுனியில் பொருத்தி, தேய்ந்ததும் மாற்றும் கடினத் துண்டான கார்பைடு இன்செர்ட்டுக்குப் பொதுவாக எடுத்துக்கொள்ளப்படும் மதிப்பை அதில் இட்டுப் பார்த்தால், வேகத்தை 20 விழுக்காடு கூட்டினாலே ஆயுள் பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. பழைய ஹைஸ்பீடு ஸ்டீல் டூலாக இருந்தால் கால் பங்குகூட மிஞ்சாது. ஒவ்வொரு முறை இன்செர்ட் மாற்றும்போதும் ஜாபைச் சுழற்றும் ஸ்பிண்டில் நிற்கிறது. புதிய முனை பழைய இடத்தில் மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) பிசகாமல் உட்காருவதில்லை என்பதால், முனை இருக்கும் இடத்தை இயந்திரத்துக்குச் சொல்லும் ஆஃப்செட்டையும் மறுபடி திருத்த வேண்டியிருக்கிறது. வெட்டுவதில் மிச்சம் பிடித்த நிமிடங்கள் இவ்வாறு செட்டிங்கில் கரைந்துபோகின்றன.

ஜாப் ஒரு சுற்று சுற்றும்போது டூல் நகரும் தூரமான ஃபீடைக் கூட்டினால் டூல் ஆயுள் அவ்வளவு குறைவதில்லை. வெட்டு ஆழத்தைக் கூட்டினால் அதைவிடவும் குறைவாகவே பாதிக்கப்படுகிறது. ஆகவே உலோகத்தின் பெரும்பகுதியை நீக்கும் கரடு வெட்டில் இயந்திரமும் பிடிமானமும் தாங்கும் அளவுக்கு ஆழத்தை முதலில் எடுத்து, அடுத்து ஃபீடைக் கூட்டி, வேகத்தைக் கடைசியாகத் தொடுவதே சரியான வரிசை. பல பட்டறைகளில் இது தலைகீழாக நடக்கிறது. வேகத்தைக் கூட்ட ஒரு குமிழைத் திருகினால் போதும் என்பது அதற்குக் காரணமாக இருக்கலாம். இறுதி வெட்டில் மட்டும் ஃபீடுக்கு வேறு கட்டுப்பாடு உண்டு. டூல் விட்டுச்செல்லும் வரிகளின் உயரம் ஃபீடின் இருமடியைப் பொறுத்தது: 0.8 மில்லிமீட்டர் முனை ஆரம் கொண்ட இன்செர்ட்டை ஒரு சுற்றுக்கு 0.2 மில்லிமீட்டர் ஃபீடில் ஓட்டினால் அந்த உயரம் கணக்குப்படி சுமார் 6 மைக்ரான். ஃபீடைப் பாதியாக்கினால் அது ஒன்றரை மைக்ரானுக்கு இறங்குகிறது.

ஜாபில் தங்கிய வெப்பம் அளவெடுக்கும்போதுதான் வெளிப்படுகிறது. எஃகு ஒரு மீட்டர் நீளத்துக்கு, ஒரு டிகிரி செல்சியஸ் வெப்பம் ஏறினால் ஏறத்தாழ 11.5 மைக்ரான் விரிகிறது. அலுமினியம் அதைப்போல் இருமடங்கு விரிகிறது. வரைபடத்தில் உள்ள அளவுகள் யாவும் 20 டிகிரியில் உள்ள பொருளுக்கானவை என்பது உலகம் முழுவதும் ஏற்றுக்கொள்ளப்பட்ட விதி. கோயம்புத்தூர்ப் பட்டறை ஒன்றில் மே மாதப் பிற்பகலில் 35 டிகிரி இருக்கிறதென்று வைத்துக்கொள்வோம். எஃகு ஜாபும் அதை அளக்கும் எஃகு கேஜும் ஒரே அளவில் விரிவதால் பிழை பெரும்பாலும் தன்னைத்தானே சரிசெய்துகொள்கிறது. ஆனால் 100 மில்லிமீட்டர் துளையுள்ள அலுமினிய ஜாபை அதே எஃகு கேஜைக் கொண்டு சோதித்தால், துளை சுமார் 17 மைக்ரான் பெரிதாகக் காட்டும். எச்7 எனும் துல்லியத் தரத்தைச் சேர்ந்த துளைக்கு அந்த அளவில் அனுமதிக்கப்படும் வீச்சே 35 மைக்ரான்தான். அதில் பாதி, வெட்டிய டூலின்மீது எந்தப் பழியும் இல்லாமலே போய்விடுகிறது. கரடு வெட்டு முடித்த சூட்டோடு இறுதி வெட்டைப் போட்டு, ஜாபைக் கழற்றாமல் அளந்து ‘சரி’ என்று சொல்லும் வழக்கத்திலும் இதே கோளாறு உண்டு. குளிர்ந்தபின் அந்த ஜாப் சிறுத்துப்போயிருக்கும்.

ஜாபைப் போலவே இயந்திரமும் சூடாகி விரிகிறது. டூலை நகர்த்தும் திருகுத்தண்டான பால் ஸ்க்ரூ, அதன்மேல் ஓடும் நட்டின் உராய்வால் 5 டிகிரி ஏறினால், அரை மீட்டர் நீளத்தில் 29 மைக்ரான் அளவுக்கு வளர்ந்துவிடும். கணினிக் கட்டுப்பாட்டில் ஓடும் சிஎன்சி இயந்திரம் ஸ்க்ரூவின் சுழற்சியை மட்டும் எண்ணி இடத்தைக் கணிக்கும் வகையாக இருந்தால், இந்த வளர்ச்சி அதற்குத் தெரியாது. நகரும் பாகத்தின் இடத்தை நேரடியாகப் படிக்கும் கண்ணாடி ஸ்கேல் பொருத்தப்பட்ட இயந்திரங்கள் இதைக் கண்டுகொள்கின்றன, ஆனால் அவற்றின் விலை அதிகம். அந்த வசதி இல்லாத பட்டறைக்கு மலிவான வழி ஒன்று இருக்கிறது: காலையில் முதல் ஜாபை ஏற்றும் முன் ஸ்பிண்டிலையும், டூலைத் தாங்கி நகரும் ஸ்லைடுகளையும் சிறிது நேரம் வெறுமனே ஓட்டிச் சூடேற்றுவது, உணவு இடைவேளையில் முழுவதும் அணைத்துவிடாமல் குறைந்த வேகத்தில் ஓடவிடுவது. அதற்கு ஆகும் மின்சாரத்தை வீண்செலவென்று கருதும் உரிமையாளர்கள், இடைவேளைக்குப் பின் வரும் முதல் சில ஜாப்களைத் தனியே அளந்து எழுதிவைத்தாலே அந்தச் செலவு எதை ஈடுசெய்கிறது என்பது தெரிந்துவிடும்.