எலி வழியாக வரவேண்டிய விதை

காங்கயம் பக்கத்தில் அமுச்சியின், அதாவது என் அம்மாவைப் பெற்றவரின், சாளை எனும் தோட்டத்து வீடு. வாசலில் ஒரு முறம் நிறைய அரசாணி (மஞ்சள் பூசணி) விதை காய்ந்துகொண்டிருந்தது. சாம்பல் பூனை முன்னங்காலால் ஒன்றைத் தட்டியது. அது சறுக்கி ஓட, பாய்ந்து பிடித்து விழுங்கிவிட்டது. "ஒன்னும் ஆவாது கண்ணு, உடு" என்றார் அமுச்சி. இரண்டு நாள் கழித்து, பூனை மண் தள்ளி மூடிய இடத்தைக் குச்சியால் கிளறினேன். முகம் சுளிக்காதீர்கள், விஷயமே அங்கேதான் இருக்கிறது. விதை முழுசாக, ஓட்டில் ஒரு கீறல்கூட இல்லாமல் கிடந்தது.

பூனைக்கு 30 பற்கள். கடைவாய்ப் பற்கள் கத்தரிக்கோல் போல ஒன்றையொன்று உரசிச் சதையை வெட்டும். ஆடு தாடையைப் பக்கவாட்டில் ஆட்டி அரைக்கிறது. பூனையின் தாடை மேலும் கீழும்தான் அசையும், அரைக்க வழியே இல்லை. தப்பித்து உள்ளே போன விதைக்கு அங்கேயும் அவகாசம் கிடையாது. ஆட்டின் குடல் அதன் உடல் நீளத்தைப்போல் 25 மடங்கு இருக்கும் என்றால், பூனைக்குச் சுமார் 4 மடங்குதான். எச்சிலில் மாவுச்சத்தை உடைக்கும் அமிலேஸும் இல்லை.

ஆனாலும் பூனை காலங்காலமாக விதை தின்றுகொண்டுதான் இருக்கிறது, எலியின் வழியாக. எள்ளையும் சோளத்தையும் எலி கொறிக்கிறது, எலியைப் பூனை தின்கிறது. எலிதான் பூனையின் செக்கு. விதை எண்ணெயிலுள்ள லினோலெயிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலத்தை, பூனைக்குத் தேவையான அராக்கிடோனிக் அமிலமாக எலியின் கல்லீரல் மாற்றிவிடும். பூனையின் கல்லீரல் அந்த வேலையைப் பேருக்குத்தான் செய்கிறது. டாரின் என்ற அமினோ அமிலமும் அப்படித்தான்: எலியின் உடலில் உண்டு, விதைகளில் இல்லையென்றே சொல்லலாம். டாரின் குறைந்தால் பூனையின் இதயத்தசை தளர்ந்துபோகும் என்று 1987இல் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆகவே எத்தனை சத்தான விதையானாலும் கறி, மீனின் இடத்துக்கு அது வராது.

பின்னே எதற்குத் தின்கிறது? இனிப்புக்காக இல்லை. இனிப்பை உணரும் ஏற்பிக்கான மரபணுவில் ஒன்று பூனையிடம் பழுதாகிக் கிடப்பது 2005இல் தெரியவந்தது. வறுத்த எண்ணெய் வாசமும், தட்டினால் ஓடும் விளையாட்டும்தான் காரணம் என்பது என் ஊகம்.

சரி, கொடுக்கலாமா? கொஞ்சமாகக் கொடுக்கலாம். 4 கிலோ பூனைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 200 முதல் 250 கலோரி போதும். அதில் நொறுக்குத்தீனி பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. அரசாணிப் பருப்பு 3 கிராம், அதாவது ஒரு டீஸ்பூன் அளவு, 17 கலோரி ஆகிவிடும். அதனால் கால் டீஸ்பூன், வாரத்துக்கு ஒருமுறை. ஓடு நீக்கி, உப்பும் எண்ணெயும் இல்லாமல் வெறும் சட்டியில் வறுத்து, பொடித்துக் கறியோடு பிசைந்து வைக்க வேண்டும். எள், சூரியகாந்திக்கும் இதுவே. ஆளிவிதைப் பொடி நீரை உறிஞ்சிக் கொழகொழவென்று ஊறும். பூனையோ தண்ணீர் அதிகம் குடிக்காத பிராணி, ஈரச் சாப்பாட்டோடு மட்டும் கொடுங்கள். கடையில் வாங்கும் மசாலா விதை வேண்டவே வேண்டாம். வெங்காயப் பொடியும் பூண்டுப் பொடியும் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். பூசணம் பிடித்த கடலைக்காய் கல்லீரலைக் கெடுக்கும். மாட்டுக்கு ஆட்டிவைக்கிற பருத்திக்கொட்டையில் காசிபால் என்ற நஞ்சு இருக்கிறது. மாட்டின் வயிறு ஓரளவு தாங்கும், பூனையுடையது தாங்காது.

எல்லாவற்றிலும் மோசமானது கொட்டமுத்து, அதாவது ஆமணக்கு விதை. அதிலுள்ள ரிசின் என்ற நஞ்சு, செல்லுக்குள் புரதம் செய்யும் ரைபோசோம்களை ஒவ்வொன்றாக முடக்கும். ஓடு உடையாமல் போனால் தப்பிக்கலாம், ஒரு கடி பட்டுவிட்டால் உயிருக்கே ஆபத்து. வாந்தியும் பேதியும் தொடங்கவே சில மணி நேரம் ஆகலாம் என்பதால், தின்றது தெரிந்ததும் கால்நடை மருத்துவரிடம் ஓட வேண்டியதுதான்.

இதைச் சொன்னதும் அமுச்சி, அரசாணி முறத்தை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, மூலையிலிருந்த கொட்டமுத்துச் சாக்கை மட்டும் அட்டாலியில் (பரணில்) ஏற்றச் சொன்னார்.

"பூனைக்கு அட்டாலி ஏறத் தெரியாதுங்களா அமுச்சி?"

சாக்கை மறுபடி இறக்கச் சொல்லி, அதன் வாயைச் சணலால் இறுக்கிக் கட்டினார்.