மலாவி மிக்ஸ் வாங்கும் முன்

போன வாரம் ஒரு தம்பி கவரில் முப்பது நாற்பது குஞ்சுகளோடு கடைக்கு வந்தார். அவர் தொட்டியில் எலக்ட்ரிக் யெல்லோ என்ற மஞ்சள் மீனும் ரெட் சீப்ரா என்ற ஆரஞ்சு மீனும் ஒன்றாக வளர்கின்றன. இரண்டும் ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியைச் சேர்ந்த சிச்லிட் குடும்ப மீன்கள். “நம்ம வீட்டுக் குஞ்சுண்ணே, எடுத்துக்கோங்க” என்றார். குஞ்சுகள் துடிப்பாகத்தான் இருந்தன. ஆனால் மஞ்சளும் இல்லை, ஆரஞ்சும் இல்லை, ஏதோ வெளுத்த நிறம். இரண்டு இனமும் கலந்தவை. நான் எடுக்கவில்லை.

வேறு வேறு இனம் எப்படிச் சேரும் என்று பலரும் கேட்கிறார்கள். சிச்லிட் மீன்களில் அது சுலபம். ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரி ஏறக்குறைய 15,000 ஆண்டுகளுக்கு முன் வற்றிக் கிடந்தது. மறுபடி நிரம்பிய பிறகு அதில் சுமார் 500 சிச்லிட் இனங்கள் உருவாகிவிட்டன. இவற்றின் தொண்டைக்குள் இன்னொரு தாடை உண்டு. அரைப்பதை அது பார்த்துக்கொள்வதால், முன்வாய் பாசி சுரண்டவோ நத்தை பிடுங்கவோ தோதாக மாற முடிந்தது. ஆனால் இவ்வளவு குறுகிய காலத்தில் ரத்தம் முழுசாகப் பிரிந்துவிடாது. பல இனங்களைத் தனித்தனியாக வைத்திருப்பது பெண் மீனின் கண்தான்.

அந்த ஏரியில் நெருங்கிய உறவுள்ள இரண்டு இனங்கள். ஒன்றில் ஆண் சிவப்பு, மற்றதில் நீலம். பெண்கள் இரண்டிலும் மங்கல். ஓலே சீஹவுசன் என்ற ஆய்வாளரின் குழு இவற்றைத் தொட்டியில் வைத்துப் பார்த்தது. வெள்ளை வெளிச்சத்தில் பெண்கள் தன் இனத்து ஆணைத் தேடிப் போயின. நிறம் தெரியாதபடி ஆரஞ்சு வெளிச்சம் போட்டதும் அந்தத் தேர்வு போய்விட்டது.

ஏரியிலும் அதுவே நடந்தது. 1950களில் கொண்டுவந்து விட்ட நைல் பெர்ச் என்ற பெரிய வேட்டை மீன் சிச்லிட்களைத் தின்று தீர்த்த கதை பலருக்குத் தெரியும். இன்னொன்றும் உண்டு. நைல் பெர்ச் கொழுப்பு மீன், வெயிலில் காய வைக்க முடியாது, புகை போட வேண்டும். அதற்கு விறகு, விறகுக்கு மரம். கரையில் மரம் போனதும் மண் கரைந்து ஏரிக்குள் வந்தது. வயல் உரமும் ஊர்க் கழிவும் சேர்ந்து பாசியைப் பெருக்கின. தண்ணீர் கலங்கிய இடங்களில் சிவப்பும் நீலமும் கலந்து மங்கிப்போனதை 1997இல் அந்தக் குழு எழுதியது.

வீட்டுத் தொட்டியில் தண்ணீர் தெளிவுதான். ஆனால் சொந்த இனத்து ஜோடி இருக்காது. கிடைத்ததோடு சேர்ந்துவிடும்.

அதனால் ஒரு இனத்தை எடுத்தால் ஒரு ஆணுக்கு மூன்று நான்கு பெண்ணாக எடுங்கள். பீகாக் என்ற மலாவி சிச்லிட் வகைகளை ஒரே தொட்டியில் கலக்கவே வேண்டாம். பெண்கள் எல்லாம் ஒரே மாதிரி பழுப்பு, எது எந்த இனம் என்று எனக்கே குழம்பும். ஓ.பி. பீகாக் அழகுதான், ஆனால் அது மனிதர் கலந்து உண்டாக்கியது, எந்த ஏரியிலும் கிடையாது. ஆசைப்பட்டால் வளர்க்கலாம். அதன் குஞ்சை இன்ன இனம் என்று பெயர் சொல்லி விற்காதீர்கள். நானும் ஒரு காலத்தில் பல இனங்களை ஒரே தொட்டியில் கலந்து போட்டு, ‘மலாவி மிக்ஸ்’ என்று ஒட்டி விற்றவன்தான்.

“அப்ப குளத்துல விட்டுடவாண்ணே?” என்றார் தம்பி. கூடவே கூடாது என்றேன். ஜிலேபிக் கெண்டையும் சிச்லிட்தான். 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தது, இன்று எந்தக் குளத்தில் வலை போட்டாலும் வருகிறது. கடைசியில் பழைய தொட்டி ஒன்றைக் கொடுத்தேன். குஞ்சுகளைத் தனியாக வைத்துக்கொள்வதாகச் சொல்லி எடுத்துப் போனார்.