ரெசின் கூடினால் படகு பலமாகுமா?

"ரெசின் தாராளமா ஊத்தியிருக்கோம், பாறை மாதிரி நிக்கும்" என்று யாராவது பைபர் படகு விற்க வந்தால் கொஞ்சம் உஷாராக இருங்கள். அந்தப் படகு கண்ணாடி இழையை ரெசின் என்னும் இறுகிக் கெட்டியாகும் பிசினில் நனைத்துச் செய்தது; அதன் பலம் கண்ணாடி இழையில் இருக்கிறது. விறைப்பில் அது பாலியெஸ்டர் ரெசினைப் போல ஏறக்குறைய 20 மடங்கு. ரெசின் இழைகளைப் பிடித்துக்கொண்டு பாரத்தை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கடத்துகிறது, அவ்வளவுதான். இழையே இல்லாமல் தேங்கிய ரெசின் அடிபட்டால் விரிசல் விட்டுவிடும்.

2004 சுனாமிக்குப் பிறகு நம் கரைகளில் கட்டுமரங்களின் இடத்தைப் பெருமளவு பிடித்துக்கொண்ட படகுகள் பெரும்பாலும் கையால் அடுக்கியவை. அச்சில் மெழுகு தேய்த்து, ஜெல்கோட் என்னும் வெளிப்பூச்சைப் பூசி, மேட் என்னும் கண்ணாடி இழை விரிப்பைப் போட்டு, இறுகவைக்கும் ஹார்ட்னர் கலந்த ரெசினைத் தடவி, ரோலரால் உருட்டிக் காற்றை வெளியேற்றி, அது இறுகுவதற்குள் அடுத்த அடுக்கு. மேட்டில் துண்டு இழைகள் தாறுமாறாகக் கிடப்பதால் ரெசினை ஏகத்துக்கும் குடிக்கும், எடையில் கண்ணாடி 30 சதவீதம் தேறினால் பெரிது. நீள இழைகளைப் பாய் போல நெய்த ரோவிங் போட்டால் 45, 50 வரை போகும். ஆனால் ரோவிங் மேல் ரோவிங் சரியாக ஒட்டாது, பின்னாளில் அடுக்கு அடுக்காகப் பிரியும். நடுவே ஒரு மேட் வைப்பது அதற்காகத்தான்.

வெற்றிட முறையில் உலர்ந்த இழையை அடுக்கி, பிளாஸ்டிக் தாளால் மூடிக் காற்றை உறிஞ்சினால் ரெசின் தானே உள்ளே ஓடும். கண்ணாடி 60 சதவீதத்தைத் தாண்டும். சரி, எல்லாரும் இதையே செய்யலாமே? அதே அளவு இழைக்குத் தகடு மெல்லிசாகிவிடும், அங்கேதான் சிக்கல். வளையாமல் நிற்கும் குணம் தடிமனின் மும்மடியைப் பொறுத்தது. தடிமன் பாதியானால் விறைப்பு எட்டில் ஒரு பங்கு.

அதனால் இரண்டு மெல்லிய தகடுகளுக்கு நடுவே கெட்டி நுரையோ பால்சா என்னும் எடை குறைந்த மரமோ வைக்கிறார்கள். தகட்டைப் பிளந்து, அதன் தடிமனுக்கே ஒரு நடுப்பொருளைச் செருகினால் விறைப்பு சுமார் 7 மடங்கு, எடை கொஞ்சம்தான் ஏறும். உல்லாசப் படகுக்கு அருமை. தினமும் அலையில் மோதி மணலில் இழுபடும் மீன்பிடிப் படகின் அடிப்பகுதிக்கு நான் இதைச் சொல்லமாட்டேன். வெளித்தகடு தேய்ந்தோ, போல்ட் துளை வழியாகவோ தண்ணீர் புகுந்தால் பால்சா உள்ளுக்குள்ளேயே அழுகும், வெளியே ஒன்றும் தெரியாது. எடை கூடி டீசல் குடித்தாலும் அடியில் கெட்டித் தகடே மேல்.

புதுப் படகு வாங்கும்போது, குழாய்க்காகத் துளையிட்டு எடுத்த வட்டத் துண்டைக் கேட்டு வாங்குங்கள். ஆய்வகத்தில் எடை போட்டு, சுமார் 600 டிகிரிச் சூளையில் வைத்தால் ரெசின் எரிந்துபோய் கண்ணாடி மட்டும் மிஞ்சும் (ரெசினில் சுண்ணாம்புப் பொடி கலந்திருந்தால் அதுவும் மிஞ்சி மாட்டிக்கொள்ளும்). மிஞ்சியதை எடை போட்டால் கண்ணாடி எத்தனை சதவீதம் என்று தெரிந்துவிடும்.