பச்சையாக நின்ற வெள்ளாமை ஏன் படுத்தது?

தம்பலகாமம் பக்கம் பெரும்போக நெல் முற்றும் நேரத்தில் மழையும் காற்றும் சேர்ந்து வந்தால் எனக்கு அழைப்பு வந்துவிடும். "சேர், பயிர் நல்ல பச்சையாத்தானே நின்றது, ஏன் படுத்திட்டுது?"

இலையின் பச்சையை வைத்துத் தண்டின் பலத்தை அளக்க முடியாது. படுத்த பயிரின் அடிக்கணுவுக்கு மேலே இரண்டு விரலால் அழுத்திப் பாருங்கள். சட்டென்று நசுங்கினால் தண்டின் சுவர் இறுகவில்லை. அதை இறுக்கும் பொருள்களில் ஒன்று இலிக்னின்.

இலிக்னின் உருவாவதற்கு லக்கேசு என்ற நொதியம் வேண்டும். அதன் ஒவ்வொரு மூலக்கூறிலும் நான்கு செம்பு அணுக்கள் உண்டு. செம்பு இல்லாமல் அது இயங்காது. கூடவே உழைக்கும் பெரொக்சிடேசு என்ற இன்னொரு நொதியத்துக்கு இரும்பும் கல்சியமும் தேவை. ஆய்வுகூடங்களில் பரிசோதனைக்கு வளர்க்கும் அரபிடொப்சிசு என்ற சிறு செடியில் மூன்று லக்கேசு மரபணுக்களை ஒருசேர முடக்கியபோது இலிக்னின் படிவது ஏறக்குறைய நின்றே போனது, செடியும் வளரவில்லை. 2013இல் வெளிவந்த ஆய்வு அது.

என்னை வியக்க வைப்பது இன்னொன்று. செம்புக்குத் தட்டுப்பாடு வந்தால், லக்கேசு செய்வதற்கான கட்டளையைச் சுமக்கும் ஆர்என்ஏவைச் செடி தானே வெட்டிவிடுகிறது. மிஞ்சும் செம்பு ஒளித்தொகுப்புக்குப் போகிறது. இலை பிழைக்க, தண்டு விட்டுக்கொடுக்கிறது. மகரந்தப்பையின் சுவரும் இறுகாமல் போனால் பை சரியாக வெடிக்காது, பதர் கூடும்.

சரி, அப்போ செம்புக்காக மயில்துத்தம் (செம்புச் சல்பேற்று) வாங்கிப் போடலாமா? அவசரப்படாதீர்கள். நம் வயல்களில் நான் முதலில் சந்தேகப்படுவது யூரியாவைத்தான். அளவுக்கு மிஞ்சினால் பயிர் நெடுநெடுவென்று வளரும், தண்டு மெலியும். செம்பு குறைந்த மண்ணென்றால் அந்தக் குறையையும் அது பெரிதாக்கும்.

தேவையில்லாமல் போட்ட செம்பு வேரைத்தான் முதலில் தாக்கும். அங்கே பெரொக்சிடேசு மிகையாக வேலை செய்து, நீள வேண்டிய வேரின் சுவரை முன்கூட்டியே இறுக்கிவிடும். வேர் கட்டையாகி, கபில நிறமாகி நின்றுவிடும். செம்பு மண்ணோடு ஒட்டிக்கொள்ளும் உலோகம், மழை அதை இலகுவில் கழுவாது. தோட்டப் பயிர்களுக்குச் செம்புப் பங்கசுநாசினியை வருடக்கணக்காக அடிப்பவர்கள் இதைக் கட்டாயம் யோசிக்க வேண்டும்.

மண்ணைப் பரிசோதனைக்குக் கொண்டுவரும்போது, படுத்த இடத்து மண்ணையும் நிமிர்ந்து நின்ற இடத்து மண்ணையும் வேறுவேறு பையில் போடுங்கள். போன போகங்களில் போட்ட பசளை, அடித்த மருந்து எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கூடவே வையுங்கள்.