சொல் விளக்கம்: ‘தள்ளுபடி செய்யப்பட்ட கார்’

அண்ணன் மகன் போன வாரம் கைப்பேசியை நீட்டினான். பழைய கார் விற்பனை விளம்பரம். “சித்தப்பா, இதப் பாருங்க, இன்சூரன்ஸ் கம்பெனியே தள்ளுபடி குடுத்திருக்கு” என்றான். வாங்கிப் பார்த்தேன். ‘காப்பீட்டு நிறுவனத்தால் தள்ளுபடி செய்யப்பட்ட கார், நல்ல நிலையில் உள்ளது’ என்று போட்டிருந்தார்கள். ஆங்கிலத்தில் ‘ரைட் ஆஃப்’ என்று இருந்ததை யாரோ அகராதியில் தேடி, முதலில் கிடைத்த சொல்லை எடுத்து வைத்திருக்கிறார்கள். அந்த வண்டி விபத்திலோ வெள்ளத்திலோ மாட்டியது. பழுது பார்ப்பது கட்டுப்படியாகாது என்று காப்பீட்டு நிறுவனம் முடிவு செய்து, உரிமையாளருக்குப் பணத்தைக் கொடுத்துக் கணக்கை முடித்துவிட்டது. ‘பார்த்து வாங்கு’ என்று எச்சரிக்க வேண்டிய இடத்தில், சலுகை விலை என்று கூப்பிடும் சொல் நிற்கிறது.

இந்தத் தள்ளுபடியை நான் பார்ப்பது முதல் முறை அல்ல. காப்பீட்டு விளக்கக் குறிப்புகளிலும் செய்திகளிலும் வந்துகொண்டே இருந்தது. இப்போது இயந்திர மொழிபெயர்ப்பும் அதையே பிடித்துக்கொண்டது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ‘ரைட் ஆஃப்’ கணக்கேட்டிலிருந்து வந்தது. வராது என்று தெரிந்த தொகையை ஏட்டில் குறைத்து எழுதி, இனி அது நம் சொத்தில் இல்லை என்று பதிவது. விழுந்து நொறுங்கிய விமானங்களைப் பற்றி விமானப் படையினர் இந்தச் சொல்லைப் பேச்சில் புழங்கினார்கள். பிறகு கார்களுக்கும் வந்தது. காப்பீட்டுக்காரர்களின் முறையான சொல் ‘டோட்டல் லாஸ்’. அது கப்பல் காப்பீட்டின் பழைய சொல். பிரிட்டனின் 1906ஆம் ஆண்டு கடல்சார் காப்பீட்டுச் சட்டத்தில் இதற்கு விரிவான விளக்கமே உண்டு. அதே கடல் வழியில் வந்த இன்னொரு சொல் ‘சால்வேஜ்’. காப்பாற்று என்னும் பொருளுள்ள லத்தீன் வேரிலிருந்து பிறந்தது. முதலில் ஆபத்தில் சிக்கிய கப்பலையோ சரக்கையோ காப்பாற்றியவருக்குத் தரும் கூலியைக் குறித்தது. பிறகு காப்பாற்றிய பொருளையே குறித்தது.

சரி, தள்ளுபடிக்கு வருவோம். தமிழில் அந்தச் சொல் என்னென்ன வேலை செய்கிறது? கடையில் விலைத் தள்ளுபடி, வங்கியில் கடன் தள்ளுபடி, நீதிமன்றத்தில் மனு தள்ளுபடி. எதைத் தள்ளுகிறார்களோ அது அங்கேயே ஒழிந்துபோகிறது. விலையில் ஒரு பங்கு போகிறது, கடன் போகிறது, மனு போகிறது. இந்த மூன்றையும் மனத்தில் வைத்துக்கொண்டு ‘காப்பீட்டு நிறுவனம் தள்ளுபடி செய்தது’ என்ற வாசகத்தைப் படித்துப் பாருங்கள். கார் வாங்கப் போகிறவன் விலையைக் குறைத்திருக்கிறார்கள் என்று நினைப்பான். கடனில் வண்டி எடுத்தவர் பாக்கிக் கடனை விட்டுவிட்டார்கள் என்று நினைப்பார். இழப்பீடு கேட்டு விண்ணப்பித்தவர் தன் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது என்று நினைப்பார். இந்த மூன்றாவதுதான் மிக மோசம். ஏனென்றால் நடந்தது நேர் எதிர். நிறுவனம் கோரிக்கையை ஏற்றுக்கொண்டது, முழுத் தொகையையும் கொடுத்தது. ஒரே வாசகத்துக்கு மூன்று பொருள் வருகிறது. மூன்றும் தவறு. உண்மைப் பொருள் அந்த மூன்றில் இல்லவே இல்லை.

இதற்குச் சொல்லப்படும் சமாதானம் எனக்குத் தெரியும். ‘சூழலைப் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டியதுதானே’ என்பார்கள். பழைய கார் விளம்பரத்தின் சூழல் என்ன? விலை, பேரம், குறைப்பு. சூழலே அந்தச் சொல்லைத் தவறான பக்கம் தள்ளிவிடுகிறது. காப்பீடு பற்றி ஏற்கெனவே தெரிந்தவருக்கு எந்தச் சொல்லைப் போட்டாலும் புரியும். தெரியாதவருக்காகத்தானே தமிழில் எழுதுகிறோம்?

இதே குழப்பம் வங்கிச் செய்திகளில் ஆண்டுக்கணக்கில் ஓடுகிறது. வாராக் கடனை வங்கி தன் ஏட்டிலிருந்து எடுப்பது வேறு, கடனாளிக்குக் கடனை விட்டுக்கொடுப்பது வேறு. முதலாவதில் கடன் அப்படியே இருக்கிறது, வசூல் முயற்சியும் தொடரலாம். இரண்டையும் தள்ளுபடி என்றே எழுதிவிட்டு, பிறகு ‘தள்ளுபடி என்றால் தள்ளுபடி அல்ல’ என்று பத்தி பத்தியாக விளக்கம் கொடுக்கிறார்கள். ஆரம்பத்திலேயே இரண்டு சொல்லைப் பயன்படுத்தியிருந்தால் அந்த விளக்கத்துக்கே வேலை இல்லை.

அந்த இரண்டாவது சொல் நம்மிடம் இல்லையா என்றால், இருக்கிறது. பள்ளியில் கணக்குப்பதிவியல் படித்தவர்கள் ‘வாராக்கடன் போக்கெழுதியது’ என்ற வரியை எத்தனை முறை எழுதியிருப்பார்கள்! போக்கெழுதுதல். ‘போ’விலிருந்து வந்த போக்கு, அதை ஏட்டில் எழுதுவது. இனி இது நம் கணக்கில் இல்லை, போய்விட்டது என்று பதிவது. இலங்கைக் கணக்கீட்டுப் பாடங்களில் ‘பதிவழித்தல்’ என்கிறார்கள், அதுவும் நல்ல சொல். பாடப்புத்தகத்தில் தலைமுறைகள் படித்த சொல், தேர்வு முடிந்ததும் ஏன் காணாமல் போகிறது என்பது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது.

ஆனால் போக்கெழுதுதல் நிறுவனத்தின் செயலை மட்டுமே சொல்கிறது. வாங்குபவருக்கு வேண்டியது வண்டியின் நிலை. அதற்குத் தனிச் சொல் வேண்டும். ‘டோட்டல் லாஸ்’ என்பதை ‘மொத்த இழப்பு’ என்றும் ‘முழு இழப்பு’ என்றும் எழுதுகிறார்கள். பிழை இல்லை, ஆனால் கார் விற்கும் இடத்தில் எனக்கு ஒப்பவில்லை. இழப்பு உரிமையாளருடையது. பணம் கைக்கு வந்ததும் அவருக்கு அது தீர்ந்துவிடுகிறது. சேதம் வண்டியுடையது. வண்டி கை மாறும்போது அதுவும் கூடவே வருகிறது. அதனால் முழுச்சேதம் என்பதே என் தேர்வு. முழுச்சேத வண்டி, முழுச்சேதக் கார். கப்பற்சேதம் என்று நெடுங்காலமாகச் சொல்லி வருகிறோம். கடலில் பிறந்த கருத்துக்கு அது பொருத்தமும்கூட.

சேதம் வடசொல் ஆயிற்றே என்று சிலர் கேட்பார்கள். ஆமாம், ‘சேத’ என்றால் வெட்டு. அவர்கள் ‘முற்றழிவு ஊர்தி’ என்று ஒன்றைக் கொடுக்கிறார்கள். தனித்தமிழ் மீது எனக்கு மரியாதை உண்டு, போக்கெழுதுதல் போன்ற சொல்லைத் தேடிப் பிடித்துப் பரிந்துரைப்பதும் அதனால்தான். ஆனால் முற்றழிவு பொய் சொல்கிறது. முற்றாக அழிந்த வண்டியை யார் விற்கிறார்கள்? கண் முன்னால் பளபளவென்று பெயிண்ட் அடித்து நிற்கிறது, சாவி போட்டால் ஓடுகிறது. ‘இதுவா முற்றழிவு’ என்று சிரித்துவிட்டு வாங்கிப் போய்விடுவார்கள். சேதம் அப்படி அல்ல. பயிர்ச்சேதம், வீட்டுச்சேதம் என்று வரும்போதெல்லாம் ஒருவர் வந்து பார்ப்பது, இத்தனை பங்கு என்று மதிப்பிடுவது, இழப்பீடு தருவது ஆகியவை அந்தச் சொல்லோடு ஏற்கெனவே ஒட்டியிருக்கின்றன. வெள்ளத்துக்குப் பிறகு வீடுகளை முழுச் சேதம், பகுதிச் சேதம் என்று பிரித்தெழுதுவதும் பழகிய வழக்கம். காப்பீட்டில் நடப்பதும் இதே மதிப்பீடுதான்.

மதிப்பீடு என்பதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. ‘கன்ஸ்ட்ரக்டிவ் டோட்டல் லாஸ்’ என்று ஒரு வகை உண்டு. பொருள் இருக்கிறது, சரிசெய்யவும் முடியும், ஆனால் செலவு மதிப்பை விழுங்கிவிடும். அதனால் முழுச்சேதமாகவே வைத்துக்கொள்வது. இந்தியாவில், பழுது பார்க்கும் செலவு காப்பீட்டுப் பத்திரத்தில் அறிவித்த மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் இந்த வகைக்குள் வரும். அந்த அறிவித்த மதிப்பு வண்டியின் வயதோடு குறைகிறது. 6 மாதத்துக்குள் என்றால் 5 சதவீதம் தேய்மானம், 4 முதல் 5 ஆண்டு வண்டிக்கு 50 சதவீதம். ஆகவே ஒரே அடி புது வண்டியில் பட்டால் பழுது பார்ப்பார்கள், பழைய வண்டியில் பட்டால் முழுச்சேதம். வண்டி எவ்வளவு நசுங்கியது என்பதை மட்டும் வைத்து இதைச் சொல்லவே முடியாது.

இந்தக் ‘கன்ஸ்ட்ரக்டிவ்’ என்பதை ‘ஆக்கபூர்வமான மொத்த இழப்பு’ என்று மொழிபெயர்த்து நான் படித்திருக்கிறேன். ஆக்கபூர்வமான இழப்பு! அந்தச் சொல்லுக்குச் சட்டத்தில் ‘அப்படியே கொள்ளத்தக்க’ என்பது பொருள். எழுதியவர் ஒரு நிமிடம் நிறுத்தி, இழப்பில் என்ன ஆக்கம் என்று கேட்டிருக்க வேண்டாமா? ‘முழுச்சேதமாகக் கொள்வது’ என்று வினையாகவே சொல்லிவிட்டால் போதும். எல்லாவற்றுக்கும் ஒற்றைப் பெயர்ச்சொல் தேடுவதுதான் நம் மொழிபெயர்ப்பாளர்களைப் படுத்தும் நோய்.

‘சால்வேஜ்’ கதையும் இதேதான். ‘மீட்பு’ என்று போடுகிறார்கள். ‘மீட்கப்பட்ட கார்’ என்றால் திருடு போய்க் கிடைத்த கார் என்றுதான் எவரும் எடுத்துக்கொள்வார். சேதத்துக்குப் பின் மிஞ்சியதற்குச் சேதமிச்சம் என்பேன். நிறுவனம் ஏலத்தில் விடுவது சேதமிச்சம். அமெரிக்க மாநிலங்களில் உரிமைப் பத்திரத்திலேயே ‘சால்வேஜ்’ என்று முத்திரை விழும். சரிசெய்து, சோதனையும் முடிந்த பின் ‘ரீபில்ட்’ என்று மாறும். மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு என்பதால், வண்டியை வேறு மாநிலத்தில் பதிந்து அந்த முத்திரையையே காணாமல் அடிக்கும் மோசடியும் உண்டு. ஒரு சொல் பத்திரத்தில் இருப்பதற்கும் இல்லாததற்கும் அவ்வளவு விலை வித்தியாசம்.

பிரிட்டனில் முழுச்சேத வண்டிகளை எழுத்துகளால் வகை பிரிக்கிறார்கள். 2017 அக்டோபரில் அந்த வகைப் பெயர்களையே திருத்தினார்கள். முன்பு சி, டி என்று செலவை வைத்துப் பிரித்த வகைகளை எடுத்துவிட்டு எஸ், என் என்று வைத்தார்கள். எஸ் என்றால் வண்டியின் கட்டமைப்பில் அடி, என் என்றால் கட்டமைப்பில் அடி இல்லை. ஏ வகையை முழுதாக நசுக்கிவிட வேண்டும். பி வகையில் உதிரிபாகம் எடுக்கலாம், கூட்டை நசுக்க வேண்டும். வாங்குபவர் எதைத் தெரிந்துகொள்ள வேண்டுமோ அதை எழுத்திலேயே வைத்த மாற்றம் இது. தமிழில் எழுதும்போது இவற்றையும் ‘எஸ் வகைத் தள்ளுபடி’ என்று எழுதினால் அந்த உழைப்பெல்லாம் வீண்.

அண்ணன் மகனோடு அந்தக் காரைப் பார்க்கப் போனேன். வெளியே ஒரு கீறல்கூட இல்லை. பின் இருக்கை பெல்ட்டைக் கடைசி வரை இழுக்கச் சொன்னேன். முக்கால்வாசி கறுப்பாக வந்தது. சுருளுக்குள் கிடந்த கடைசி ஒரு சாண் மட்டும் மண் நிறத்தில், விறைத்துப்போய் வந்தது. விரலால் தேய்த்தால் பொடி உதிர்ந்தது. ஸ்டெப்னிக்கு அடியில் இருந்த பள்ளத்திலும் அதே வண்டல். “வெள்ளத்துல டோட்டல் லாஸ் ஆன வண்டியாண்ணே?” என்று அவன் கேட்டான். விற்பவர் தயங்கவே இல்லை. “ஆமா தம்பி, அதத்தான் தள்ளுபடின்னு போட்டிருக்கோம்” என்றார்.

‘டோட்டல் லாஸ்’ என்பது அவர்கள் இருவருக்கும் தெரிந்திருந்தது, தமிழ்ச் சொல்தான் இருவருக்கும் நடுவே குழப்பியது. பேச்சில் டோட்டல் லாஸ் என்றே சொல்லட்டும், எனக்கு மறுப்பு இல்லை. தள்ளுபடி என்று எழுதுவதைவிட அது ஆயிரம் மடங்கு நேர்மையான சொல். எழுத்தில் முழுச்சேதம் வரட்டும். சரிசெய்த பிறகும் அந்தச் சொல் உதிரக் கூடாது. வெறுமனே ‘சீரமைத்த கார்’ என்று சுருக்காமல், ‘சீரமைத்த முழுச்சேதக் கார்’ என்றே இருக்க வேண்டும்.

அந்த விளம்பரத்தை நான் எழுதியிருந்தால் இப்படி எழுதியிருப்பேன்: ‘வெள்ளத்தில் முழுச்சேதமாக மதிப்பிட்டு, காப்பீட்டு நிறுவனம் போக்கெழுதிய கார். பிறகு பழுது பார்க்கப்பட்டது.’ அதைப் படித்திருந்தால் அண்ணன் மகன் விலையைப் பற்றிப் பேச்செடுக்கும் முன்பே, தண்ணீர் எவ்வளவு உயரம் ஏறியது என்று கேட்டிருப்பான்.