ஆறு அபாய அளவைத் தாண்டியது என்கிறார்களே, அந்த அளவு எது?

மழைக்காலத்தில் செய்தியில் 'ஆறு அபாய அளவைத் தாண்டிப் பாய்கிறது' என்று கேட்டதும் கரையோரம் இருப்பவர்களுக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். ஆனால் அந்த அளவு எத்தனை மீட்டர், அவ்வளவு தண்ணீர் வந்தால் நம் தெரு என்னவாகும் என்று கேட்டால் பெரும்பாலும் தெரியாது. அது தெரியாதவரை அரசு தரும் முன்னறிவிப்பால் நமக்குப் பெரிய பிரயோஜனம் இல்லை.

இந்தியாவில் இந்த வேலையைச் செய்வது மத்திய நீர் ஆணையம். 1958-இல் டெல்லி யமுனையில் தொடங்கியது, இன்று நாடு முழுக்க 300-க்கும் மேற்பட்ட இடங்களுக்கு முன்னறிவிப்பு வருகிறது. வெள்ளக் காலம் என்று அவர்கள் கணக்கு வைத்திருப்பது பெரும்பாலான ஆறுகளுக்கு ஜூன் முதல் அக்டோபர் வரை. காவிரி, பெண்ணாறு மாதிரி தெற்கே உள்ள ஆறுகளுக்கு வடகிழக்குப் பருவமழை இருப்பதால் டிசம்பர் 31 வரை நீள்கிறது.

ஆற்றின் நீர்மட்டத்தை அளக்கும் ஒவ்வொரு நிலையத்துக்கும் மூன்று எண்கள் உண்டு: எச்சரிக்கை அளவு, அபாய அளவு, அங்கே இதுவரை பதிவானதிலேயே உச்ச வெள்ள அளவு. எச்சரிக்கை அளவைத் தொட்டால் மஞ்சள், அபாய அளவைத் தொட்டால் ஆரஞ்சு, பழைய உச்சத்தையே எட்டிவிட்டால் சிவப்பு. டெல்லி பழைய ரயில்வே பாலத்தில் எச்சரிக்கை அளவு 204.50 மீட்டர், அபாய அளவு 205.33. இதைப் பார்த்து ஆற்றில் 205 மீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் என்று நினைத்துவிடக் கூடாது, கடல் மட்டத்திலிருந்து கணக்கிட்ட உயரம் அது. 2023 ஜூலை 13 அன்று அங்கே 208.66 மீட்டர் போய், 1978-இன் 207.49 என்ற உச்சத்தை ஒரு மீட்டருக்கும் மேலே தாண்டியது.

சரி, முன்கூட்டியே எப்படிச் சொல்கிறார்கள்? பாலத்துத் தூணிலோ கரையிலோ அளவுகோல் மாதிரி கோடும் எண்ணும் எழுதிய பலகை இருக்கும், வெள்ளம் வரும்போது ராத்திரியானாலும் மணிக்கொரு தரம் ஒருவர் டார்ச் அடித்து அதைப் படித்து அனுப்புவார். இப்போது பல இடங்களில் கருவியே அளந்து செயற்கைக்கோள் வழியாக அனுப்பிவிடுகிறது. மேலே ஓரிடத்தில் ஏறிய தண்ணீர் கீழே வந்து சேர எத்தனை மணி நேரம் என்பதுதான் கணக்கின் அடிப்படை, அதோடு மழை அளவையும் சேர்த்துக்கொள்கிறார்கள். யமுனையில் டெல்லிக்கு மேலே இருக்கும் ஹத்னிகுண்ட் தடுப்பணையில் தண்ணீர் திறந்தால் டெல்லி வர பொதுவாக இரண்டு மூன்று நாள் ஆகும். செங்குத்தான சின்ன ஆறுகளில் இந்த அவகாசம் சில மணி நேரம்தான், அங்கெல்லாம் மஞ்சள் வந்ததுமே கிளம்பத் தயாராகிவிட வேண்டும்.

ஆணையம் தகவல் மட்டும்தான் தரும். ஆட்களை வெளியேற்றுவது, முகாம் அமைப்பது எல்லாம் மாநில அரசும் மாவட்ட ஆட்சியரும் பார்ப்பது. தமிழ்நாட்டில் மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்கு 1070, மாவட்டத்துக்கு 1077. இன்னொன்று, சாக்கடை அடைத்து தெருவில் தண்ணீர் நிற்பதெல்லாம் இந்த முன்னறிவிப்பில் வராது.

2023-இல் வந்த 'ஃப்ளட்வாட்ச் இந்தியா' என்ற இலவச செயலியில் வரைபடத்தைத் திறந்து உங்கள் ஊருக்குப் பக்கத்து நிலையத்தைத் தொட்டால் இன்றைய நீர்மட்டமும் முன்னறிவிப்பும் தெரியும். அப்புறம் வீட்டில் பெரியவர்களிடம் எந்த வருடம் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேளுங்கள். அந்த வருடம் அந்த நிலையத்தில் பதிவான அளவும் கிடைத்துவிட்டால், எத்தனை மீட்டருக்கு உங்கள் வாசற்படி நனையும் என்று ஓரளவு கணக்குப் போடலாம். அதைச் சுவரிலேயே எழுதி வையுங்கள்.

ஒரு விஷயம் மட்டும் கட்டாயம் நினைவிருக்கட்டும். நீர்மட்ட முன்னறிவிப்பு 15 சென்டிமீட்டர் கூடக் குறைய இருந்தாலும் ஆணையத்தின் கணக்கில் அது சரியான முன்னறிவிப்புதான். அதனால் உங்கள் எண்ணுக்கு அரை அடி கீழேதான் நிற்கும் என்று சொன்னாலும் ரேஷன் கார்டு, பத்திரம், மருந்து மாத்திரையை எடுத்துக்கொண்டு, மாட்டை அவிழ்த்துவிட்டு, வெளிச்சம் இருக்கும்போதே மேட்டுக்குப் போய்விடுங்கள்.