மைக்ரோ மினியேச்சர்: சிற்றுருவா, நுண்ணுருவா?

அரிசி மணியிலும் ஊசிக்காதிலும் அடங்கும் உருவங்களைச் செய்யும் கலையை மைக்ரோ மினியேச்சர் என்கிறார்கள். இதில் மினியேச்சர் என்ற சொல் பிறந்தபோது அதற்குச் சிறியது என்ற பொருளே கிடையாது. லத்தீனில் மினியம் என்றால் செந்தூரம். பழைய ரோமர்கள் சாதிலிங்கத்தை அப்படி அழைத்தார்கள். பிறகு ஈயத்தைக் காற்றில் நெடுநேரம் சூடாக்கி எடுக்கும் ஈயச் செந்தூரத்துக்கு அந்தப் பெயர் நிலைத்தது. சுவடிகளில் தலைப்பெழுத்துகளை அந்தச் சிவப்பால் தீட்டும் வேலைக்கு மினியாரே என்று பெயர். அதிலிருந்து இத்தாலிய மொழியில் மினியாத்தூரா வந்தது. பொருள் சுவடிப்படம், அவ்வளவுதான். அந்தப் படங்கள் சின்னதாக இருந்தன. மைனர், மினிமம் போன்ற சொற்களோடு ஓசையும் ஒத்துப்போனது. நாளடைவில் சிவப்பு மறைந்து, சிறுமை குடியேறிவிட்டது.

மைக்ரோ கிரேக்கச் சொல். மிக்ரோஸ் என்றால் சிறிய. கலிலியோவின் கருவிக்கு ஜியோவானி ஃபேபர் 1625-இல் மைக்ரோஸ்கோப் என்று பெயர் வைத்தார். அளவையில் மைக்ரோ என்பது பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ஒரு மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்று. ஆக, இன்றைய பொருளில் மைக்ரோ மினியேச்சர் என்பது 'நடுசென்டர்', 'கேட்டுவாசல்' வகையறா. சிறியதையே இரண்டு தடவை சொல்கிறது.

தமிழில் இதற்கு 'நுண்கலை' என்று சிலர் எழுதுகிறார்கள். அது ஒத்துவராது. இசை, ஓவியம், சிற்பம் எல்லாவற்றுக்கும் சேர்த்து அந்தச் சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. 'நுண்சிற்பம்' என்பதிலும் ஒரு இடறல் உண்டு. நுண் என்பது அளவை மட்டும் குறிப்பதில்லை. வேலைப்பாட்டையும் அறிவையும் சேர்த்தே குறிக்கும். 'நுண்மாண் நுழைபுலம்' என்று குறள் 407 சொல்வது கூரிய அறிவை. சுசீந்திரத்து இசைத்தூண்கள் நுட்பமான சிற்பவேலைதான், ஆனால் ஆளைவிட உயரம். நுண்சிற்பம் என்றால் எதை நினைப்பது?

இரண்டு சொற்களாகப் பிரிப்பதே சரி. மினியேச்சருக்குச் சிற்றுரு. ஓவியமானால் சிற்றோவியம், சமையல் பாத்திரமானால் வீட்டில் புழங்கும் சொப்பு என்ற சொல்லே போதும். லென்ஸ் இல்லாமல் பார்க்க முடியாததற்கு நுண்ணுரு. எல்லைக்கோடு 0.1 மி.மீ. நல்ல கண்ணும் 25 செ.மீ. தூரத்தில் ஏறக்குறைய அதற்குக் கீழே பிரித்துப் பார்க்காது. பொருளின் மொத்த உயரத்தைப் பார்க்க வேண்டாம். அதில் தெரிந்தாக வேண்டிய மிகச் சிறிய உறுப்பைப் பாருங்கள்.

குமரிக்கடலில் நிற்கும் வள்ளுவர் சிலையையே எடுத்துக்கொள்வோம். பீடம் 38 அடி, சிலை 95 அடி, மொத்தம் 133 அடி. பத்தாயிரத்தில் ஒன்றாகக் குறைத்தால் சுமார் 4 மி.மீ.; ஓர் அரிசி மணிக்குள் அடங்கும். உருவம் கண்ணுக்குத் தெரியும். ஆனால் நிஜச் சிலையில் ஓர் அடி அகலமுள்ள எதுவும் அங்கே 30 மைக்ரான்தான், தலைமயிரின் பாதித் தடிப்புகூட இருக்காது. விரலைத் தனித்தனியே காட்டினால் அது நுண்ணுரு; ஆள் வடிவம் மட்டும் போதுமென்றால் சிற்றுரு.

குமரி, கேரளப் பக்கத்துக் கைவேலை ஒன்றும் இந்த எல்லைக்கோட்டில்தான் நிற்கிறது. மஞ்சாடிக்குருவை, அதாவது மஞ்சாடி மரத்தின் சிவப்பு விதையைக் குடைந்து, உள்ளே தந்தத்தில் சீவிய குட்டி ஆனைகளைப் போட்டு, சிறு மூடியால் அடைப்பது. கண்ணாடித்தாள் போல மெல்லிய ஆனைகள். தந்த வணிகத்துக்கு இப்போது தடை. மஞ்சாடி தட்டாருக்கு எடையாகவும் இருந்தது, இரண்டு குன்றி ஒரு மஞ்சாடி. மினியம் போலவே இதுவும் சிவப்பு என்பது தற்செயல்தான்.

அரிசியில் செய்து பார்க்க நினைப்பவர்கள் பச்சரிசியை எடுத்துவிட்டு, ஊசி பட்டதும் பொடிந்து போகிறது என்பார்கள். புழுங்கலரிசி எடுக்க வேண்டும். அவியும்போது மாவுச்சத்து இளகி ஒட்டிக்கொள்வதால் மணி கெட்டிப்பட்டிருக்கும். இங்கே சோற்றுக்கு வாங்கும் தடித்த சம்பா அரிசியே நல்லது. மணியைத் தட்டார் செய்வது போல அரக்கில் பதித்து நிறுத்தலாம். செதுக்க இன்சுலின் ஊசி. 31 கேஜ் ஊசியின் வெளி விட்டம் கால் மில்லிமீட்டர். முனையை 2000 நம்பர் உப்புத்தாளில் தண்ணீர் விட்டுத் தேய்த்து உளி போல் தட்டையாக்க வேண்டும்.

பள்ளிக்கூட மைக்ரோஸ்கோப் இதற்கு உதவாது. பிம்பம் தலைகீழாகத் தெரியும். அதிகம் பெருக்கிக் காட்டும் லென்ஸில் பொருளுக்கும் கண்ணாடிக்கும் இடையே ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது, ஊசி எங்கே நுழையும்? ஸ்டீரியோ மைக்ரோஸ்கோப்பில் சுமார் 10 செ.மீ. இடம் கிடைக்கும். 20 மடங்கில் தொடங்குங்கள். 40-க்குப் போனால் பார்வை வட்டம் ஐந்தாறு மில்லிமீட்டராகச் சுருங்கி, ஊசி அடிக்கடி காணாமல் போகும்.

கை நடுக்கம் எல்லோருக்கும் உண்டு, வினாடிக்கு 8 முதல் 12 தடவை. முழங்கையும் மணிக்கட்டும் மேசையில் ஊன்றியிருக்க, விரல் மட்டும் அசைய வேண்டும். அதற்கு மேல் நாடித்துடிப்பு. ஊசிக்காதுக்குள் உருவம் செய்யும் பிரிட்டன் கலைஞர் வில்லார்டு விகன், இரண்டு துடிப்புகளுக்கு நடுவே வெட்டுவதாகச் சொல்கிறார். நிமிடத்துக்கு 70 துடிப்பென்றால் இடைவெளி 0.86 வினாடி. செய்து முடித்த உருவம் ஒன்றை மூச்சோடு உள்ளே இழுத்துவிட்டதாகவும் அவரே சொல்லியிருக்கிறார்! ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று அடிக்கும் ஆனி, ஆடியில் இந்த வேலைக்கு ஜன்னலைத் திறப்பதே தப்பு. மின்விசிறியும் ஓடக் கூடாது.

இந்த அளவில் எடையைவிட ஒட்டுதலே பெரிது. பொருளைப் பத்தில் ஒன்றாகக் குறைத்தால் எடை ஆயிரத்தில் ஒன்றாகும். ஒட்டும் விசை பத்தில் ஒன்றாகத்தான் குறையும். அதனால் ஊசி முனையில் எடுத்த துண்டு உதறினாலும் விழாது. இறக்க வேண்டிய இடத்தில் முதலில் துளி அரக்குக் கரைசல் வைத்து, ஊசியைவிட அது பலமாகப் பிடிக்கும்படி செய்ய வேண்டும். சூப்பர் குளூ வேண்டாம்; அதன் ஆவி காற்றின் ஈரத்தோடு சேர்ந்து சுற்றிலும் வெள்ளைப் படலம் போடும், கடலோரத்தில் இன்னும் அதிகம். நிறமும் சட்டென்று காயும்: துளியின் விட்டம் பாதியானால் காயும் நேரம் கால்வாசியாகும். துளி கிளிசரின் கலந்தால் சற்றுத் தாக்குப்பிடிக்கும்.

ஆய்வுக்கூடத்துக்கும் இந்தக் கைப்பழக்கத்துக்கும் தூரம் அதிகமில்லை. எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்புக்கு வெட்டிய மென்சீவல்களைக் குச்சியில் ஒட்டிய கண்ணிமை மயிரால்தான் நகர்த்துகிறார்கள். 1959-இல் அமெரிக்க இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபெயின்மன், 1/64 அங்குலக் கனசதுரத்துக்குள் அடங்கும் மோட்டாருக்கு ஆயிரம் டாலர் பரிசு அறிவித்தார். புதிய தொழில்நுட்பம் ஏதாவது பிறக்கும் என்பது அவர் எண்ணம். அடுத்த ஆண்டே பொறியாளர் வில்லியம் மெக்லெல்லன் 13 பாகங்களில் அதைச் செய்து கொண்டுவந்தார். கருவிகள்: மைக்ரோஸ்கோப், கடிகாரக்காரரின் கடைசல் இயந்திரம், ஒரு பல்குச்சி.